யார் செய்துவைத்த கல்யாணம்

மாமாவை நினைத்தால் அந்தக் காலைதான் முதலில் கண்முன் வருகிறது. கரையில் கவிழ்ந்து கிடந்த உடைந்த ஃபைபர் படகு ஒன்றை நிமிர்த்திவைத்து, அதில் தண்ணீர் லாரியிலிருந்து குழாய் இழுத்து நிரப்பி, உள்ளே இறங்கி நின்று பழைய வலைகளை மிதித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். இனி தைக்க முடியாது என்று குப்பத்து ஆட்கள் வலைக் கொட்டகைக்குப் பின்னால் குவித்துப் போட்டிருந்த நைலான் வலைகள் அவை. வெயிலில் கிடந்து நீலம் வெளிர்நீலமாகவும், பச்சை இளம் வேப்பந்தளிர் நிறத்துக்கும் மாறியிருந்தன. சீயக்காய் போட்டு ஊறவைத்தும் மீன் வாடை போகவில்லை என்று, மளிகைக் கடையில் தொங்கிய ஷாம்பூ பாக்கெட் சரத்தை அப்படியே வாங்கி வந்து, ஒவ்வொன்றாகப் பல்லால் கிழித்துப் பிழிந்தார். நுரை முழங்கால் தாண்டி ஏறியது. கரையில் நின்று சிரித்த என்னைப் பார்த்து, "இன்னா கண்ணு இளிக்கிற? உன் கல்யாணப் பந்தலு. நாளைக்கு உன் மாமியார் மூக்க பொத்திக்கினு நின்னா நல்லாவா கீது?" என்று கத்தினார்.

மாமா என் அம்மாவின் தம்பி. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா நோயில் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஆண் குரல் என்று கேட்டதெல்லாம் மாமாவுடையதுதான். அவருக்கென்று மனைவியும் ஒரு மகளும் அதே தெருவில் இருந்தார்கள். ஆனால் காலை டீயை எங்கள் வாசலில் நின்றுதான் குடிப்பார். கடலுக்குப் போகாத நாட்களில் ராயபுரத்தில் மீன்பிடி போட்டுகளின் இஞ்சினைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்வார். எண்ணூர் பக்கத்தில் எங்கள் குப்பத்துக்கு வெளியேயும் அவரைத் தெரிந்தவர்கள் உண்டு. அதற்குக் காரணம் இஞ்சின் இல்லை, மைக்.

எங்கள் கரையில் பாதியை எடுத்து லாரிகள் போக ரோடு போட வேண்டும் என்று ஒரு கம்பெனி நெடுநாளாக முயன்றுகொண்டிருந்தது. படகு ஏற்றும் இடம், வலை காயப்போடும் இடம், அம்மா மாதிரியான பெண்கள் மீன் ஏலம் எடுக்கும் இடம் எல்லாம் அந்தப் பாதியில்தான் இருந்தன. கம்பெனியிடமிருந்து யாரும் எதையும் வாங்கக் கூடாது என்பது ஊர் எடுத்த முடிவு. ஊரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தவர் மாமா. "அவன் குடுக்குற குண்டூசிய வாங்குனாலும் கரைய எழுதிக் குடுத்த மாதிரிதான்" என்று அவர் மைக்கில் சொன்னால் கிழவிகள்கூட எழுந்து நின்று கை தட்டுவார்கள். நான் எட்டாவது படிக்கும்போது பள்ளியில் கம்பெனி முத்திரை போட்ட புத்தகப் பைகளைக் கொடுத்தார்கள். மாமா என் பையைத் தரையில் கவிழ்த்து, புத்தகங்களை மஞ்சள் பையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு, காலிப் பையைக் கொண்டுபோய்க் கம்பெனி கேட்டில் மாட்டிவிட்டு வந்தார். அந்த வருடம் முழுவதும் மஞ்சள் பையோடு பள்ளிக்குப் போனதில் எனக்கு வெட்கம் இல்லை. கர்வம்தான் இருந்தது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் தண்டையார்பேட்டையில் ஓர் எக்ஸ்போர்ட் கார்மெண்ட்ஸில் சாம்பிள் தைக்கும் பிரிவில் இருந்தேன். என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறவர், எர்ணாவூர்க்காரர். இருவருக்கும் ஒரே பிடிவாதம்: கையில் இருப்பதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், ஆனால் ஏதோ ஏழைக் கல்யாணம் என்று யாரும் உச்சுக்கொட்டக் கூடாது. மண்டபத்தின் பிளாஸ்டிக் பூவும், எல்லோருக்கும் ஒரே மாதிரி போடுகிற தெர்மாகோல் மயிலும் எனக்கு ஆகாது. வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிற சட்டைகளையே பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் என்னுடையது. ஒரு நிறம் இன்னொரு நிறத்தோடு சேருமா என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கூட யோசிப்பேன். அம்மாவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "ஊர்ல இல்லாத கல்யாணம் பண்றா" என்று முனகினாள். மாமாதான் சம்மணமிட்டு உட்கார்ந்து, "நீ சொல்லு கண்ணு, நான் பண்றேன்" என்றார்.

அந்த மாதங்களைப்போல இன்னொரு காலம் எனக்கு வாய்க்கவில்லை. கார்மெண்ட்ஸில் கழித்துக் கட்டிய வெள்ளைப் பருத்தித் துணியை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, கைக்குட்டை அளவில் வெட்டி ஓரம் தைத்தேன். அதில் நானே வரைந்த ஒரு போட்டையும் கல்யாணச் செய்தியையும் நீல மையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தோம். அதுதான் பத்திரிகை. கல்யாணம் முடிந்ததும் குப்பையில் போட வேண்டியதில்லை, வேர்வை துடைக்கலாம் என்று மாமா வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்தார். கடலுக்குப் போகிறவர்கள் அதைத் தலையில் கட்டிக்கொண்டு போனார்கள். கல்யாணத்துக்கு முன்பே என் கல்யாணம் கடலில் மிதந்துகொண்டிருந்தது. மேடை வளைவை மாப்பிள்ளையே பழைய இரும்புப் பட்டைகளில் வெல்டிங் வைத்து, தன் கிரேன் முதலாளியின் மினி லாரியிலேயே ஏற்றி வந்து இறக்கினார். வலைகளை மாமா துவைத்தார். வலை முடிச்சுகளில் மல்லியும் மரிக்கொழுந்தும் செருக வேண்டும் என்பது என் யோசனை. மிச்சமிருக்கும் மீன் வாடையை மரிக்கொழுந்து அமுக்கிவிடும். சமையலுக்கு ஆள் வைக்கவில்லை. சுறாப் புட்டும் நெத்திலி வறுவலும் எங்கள் எதிர்வீட்டு அத்தை தலைமையில் ஊர்ப் பெண்கள் செய்வதாக முடிவானது.

கல்யாணம் நெருங்கிய சமயத்தில் ஒரு சாயங்காலம் மாமா ராயபுரத்திலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"கண்ணு, நீ கோயிலுக்கு நடந்து வராத. போட்டுல வா. முகத்துவாரத்துல ஏறி, கடல் வழியா வந்து கரைல எறங்கு. நம்ம பொண்ணு கடல்லருந்துதான வரணும்?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு யோசித்த எனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கல்யாணம் எங்கள் கைக்கு மீறி அழகாகிக்கொண்டே போனது. கொட்டகையிலிருந்து தண்ணீர்வரை மஞ்சள் பல்பு சரங்கள் வந்தன. நல்ல ஸ்பீக்கர், ஜெனரேட்டர், இரண்டு கேமராக்காரர்கள், மேலே பறக்கிற ட்ரோன். எல்லாம் தன் தோஸ்து ஒருவர் சும்மா செய்து தருவதாக மாமா சொன்னார். "இதுக்கெல்லாம் எவ்ளோ ஆவும் மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டபோது மாமா அவர் தோளில் தட்டினார். "மாப்ள, அது உனுக்கு இன்னாத்துக்கு? மாப்ளையா லட்சணமா நில்லு, போதும்." நாங்கள் சிரித்தோம். மாமாவுக்கு ராயபுரம் முழுக்க தோஸ்துகள்தான். அவர் யாருக்கு எப்போது என்ன உதவி செய்தாரோ, திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாண நாள் கச்சிதமாக நடந்தது. நான் நீலக் கரை போட்ட வெள்ளைப் பருத்திப் புடவையில் போட்டின் முனையில் உட்கார்ந்து வந்தேன். கரையில் ஊரே நின்றது. மாமா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்து, சின்னப் பிள்ளையைத் தூக்குவதுபோல என்னைத் தூக்கி ஈர மணலில் இறக்கிவிட்டார். அம்மன் கோயிலில் தாலி கட்டி, வலைப் பந்தலுக்கு வந்தபோது காற்றில் பூ அசைந்த நிழல் எல்லோர் முகத்திலும் சின்னச் சின்னக் கட்டங்களாக ஓடியது. சாப்பாட்டு நேரத்தில், நல்ல கைத்தறிப் புடவை கட்டிய ஓர் அம்மாள் இரண்டு ஆட்களோடு வந்தார். "என் தோஸ்து ஆபீஸ் மேடம்" என்றார் மாமா. அவர் எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பந்தியில் உட்கார்ந்து, "இந்தப் புட்டு யார் செஞ்சது? ரொம்ப நல்லாயிருக்கே" என்று விசாரித்தார். எதிர்வீட்டு அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தாம்மா. இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ" என்று இலையில் அள்ளி வைத்தாள்.

கல்யாணம் முடிந்து சில வாரங்களில், அந்த ரோடு விஷயமாகத் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். பொதுமக்கள் எழுந்து சம்மதமா இல்லையா என்று சொல்லலாம். ஊர் மொத்தமும் வேன் பிடித்துப் போனோம். நானும் லீவு போட்டுவிட்டு எர்ணாவூரிலிருந்து அவரோடு போய்ச் சேர்ந்தேன். ஊர் சார்பில் பேச மாமா பெயர் கொடுத்திருந்தார். ஆனால் எங்களோடு வேனில் அவர் வரவில்லை. முன்னாடியே போய்விட்டார் என்றாள் அம்மா.

முதலில் கம்பெனித் தரப்பில் ஒரு படம் போட்டார்கள். பெரிய திரை. மருத்துவ முகாம், மரக்கன்று, ஏதோ ஒரு பள்ளிக்கூடம் எல்லாம் ஓடின. அதன் பிறகு கடல் வந்தது. மேலேயிருந்து எடுத்த கடல். அதில் ஒரு போட்டு. போட்டின் முனையில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண். அது நான்தான் என்று எனக்குப் புரிவதற்கு முன்னால் பக்கத்திலிருந்த அத்தை என் கையைப் பிடித்தாள். வலைப் பந்தல் வந்தது, மரிக்கொழுந்து வந்தது, பந்தியில் எங்கள் ஊர் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடும் முகம் வந்தது. அத்தை சிரித்துக்கொண்டே புட்டு பரிமாறும் கை வந்தது. பின்னணியில் ஓர் ஆண் குரல், மீனவக் குடும்பங்களின் பாரம்பரியத் திருமணங்களைக் கம்பெனி நடத்திவைப்பதாகவும், கம்பெனியும் கடலோர மக்களும் ஒரே குடும்பம் என்றும் சொன்னது. கடைசியில் நானும் அவரும் அந்த மேடமும் கைகூப்பி நிற்கும் படம் திரையில் அப்படியே நின்றது.

எங்கள் வரிசைகளில் ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மைக் வைத்திருந்த இடத்துக்குப் போய் நின்றிருந்தேன்.

"இது என் கல்யாணங்க. இவங்க யாரும் பண்ணி வைக்கல. இந்த வலை எங்க ஊரு வலை. புடவை என் சம்பளத்துல நான் எடுத்தது. புட்டு எங்க அத்தைங்க செஞ்சது."

மேடையிலிருந்த அதிகாரி நிதானமாகக் கேட்டார். "சரிம்மா. லைட்டு, ஜெனரேட்டர், கேமரா, இதெல்லாம்? அதுவும் நீங்களே ஏற்பாடு பண்ணினதா?"

பதில் சொல்ல மாமாவைத் தேடினேன். எங்கள் வரிசையில் அவர் இல்லை. மறுபக்கம், மேடைக்கு அருகில் போட்டிருந்த நாற்காலிகளில், அந்த மேடத்துக்கு இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. என்னைப் பார்க்கவில்லை. தரையில் ஏதோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்திருந்தார்.

"மாமா" என்றேன். மைக்கில் கேட்டது. மண்டபம் முழுக்க என் குரல் சுற்றியது. அவர் நிமிரவில்லை.

பிறகு அவர் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து வந்தார். இத்தனை வருடம் மைக்கைப் பிடித்த அதே கை. "ரோடே வேணாம்னு சொல்லல. அவங்க தரப்புலயும் இன்னா சொல்றாங்கன்னு நம்ம கேட்டுக்கணும்" என்றார். இரண்டே வாக்கியம். எங்கள் பெண்கள் பக்கமிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. யாரோ செருப்பை வீசினார்கள். போலீஸ் நடுவில் வந்தது. அவர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா கதவைத் திறந்தபோது வாசற்படியில் கைக்குட்டைகள் கிடந்தனவாம். என் கல்யாணப் பத்திரிகைகள். யாரும் வீசவில்லை, துவைத்து, நான்காக மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மடிப்பின் ஒழுங்குதான் அம்மாவை அழவைத்தது. ஏலத்தில் அம்மாவோடு பேச்சு நின்றது. அவள் விலை கேட்ட கூடைக்கு ஏற்றிக் கேட்க ஆள் இருந்தது, அவளோடு கூடையைப் பங்கு போட ஆள் இல்லை. மாமாவுக்குக் கம்பெனி கேட்டில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது என்றும், குடும்பத்தோடு திருவொற்றியூருக்கு வீடு மாறிவிட்டார் என்றும் கேள்விப்பட்டோம். அடுத்த வருடம் கரையின் பாதியில் ரோடு வந்தது.

எனக்குக் குழந்தை பிறந்தபோது எதிர்வீட்டு அத்தைதான் முதலில் வந்தாள். பூண்டும் கருவாடும் பையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உன்ன சொல்லி இன்னாடி. நீயும் எங்கள மாதிரி தெரியாம துன்னவதான். ஆனா என் கையால செஞ்சத அவன் குடுத்ததுன்னு காட்டினான் பாரு, அதுதான் ஆற மாட்டேங்குது."

எனக்கும் ஆறவில்லை. என் வருத்தம் வேறொரு திசையில் போனது. அந்த மாதங்களை ஒவ்வொரு நாளாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமா எந்த நாளில் மாறினார்? துணி வெட்டும்போது என்னோடு உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தது மாமாதானா, இல்லை ஏற்கெனவே அவர்கள் ஆளா? தண்ணீரில் இறங்கி என்னைத் தூக்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. அது எனக்காகவா, கேமரா எங்கே நிற்கிறது என்று தெரிந்ததாலா? தையலில் ஒரு தப்பு நடந்தால் எந்த இடத்தில் நூல் விலகியது என்று கண்டுபிடித்து அதுவரைதான் பிரிப்போம். இதில் அந்த இடம் எனக்கு அகப்படவில்லை. அகப்படாததால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதாயிற்று. கல்யாண ஆல்பத்தை நாங்கள் வாங்கவே இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒருமுறை சொன்னார்: "படம் பொய்யா இருக்கட்டும். நான் உன் கழுத்துல தாலி கட்டினது நெசந்தான?" அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருடங்களைக் கடந்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மீசை நரைத்திருந்தது. கையில் தாம்பூலத் தட்டு. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்.

"அவ உன் கல்யாணத்த பாத்ததுலருந்து அதே மாதிரி வோணும்னு நிக்கிறா. பெரிய மண்டபம்லாம் வேணாம்ன்றா. உன்ன மாதிரி யாரு கண்ணு பண்ணுவா? நீ வந்து கூட நிக்கணும்."

உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடம் வைத்திருந்ததைக் கேட்டேன். "எந்த நாள்லருந்து மாமா?"

அவருக்குப் புரிந்தது. தட்டைக் கீழே வைக்கவும் முடியாமல் பிடித்திருக்கவும் முடியாமல் நின்றார். "எத்தினி வருஷம் மைக்க புடிச்சேன். ரோடு வந்தே தீரும்னு எனுக்கு தெரிஞ்சிபூச்சு. வர்றது வரப்போவுது, எனுக்காச்சும் ஒரு வேலைன்னு…" நிறுத்தினார். "போட்டுல வர்ற ஐடியா என்னுது இல்ல கண்ணு. அந்த மேடம் சொன்னது. படத்துக்கு நல்லா இருக்கும்னுச்சு."

என் வாழ்க்கையிலேயே நான் மிக அழகாக இருந்த பொழுது எது என்று யாராவது கேட்டிருந்தால், ஊர் மொத்தமும் கரையில் நிற்க நான் போட்டில் வந்த பொழுதைத்தான் சொல்லியிருப்பேன். அது எங்கோ ஓர் ஏ.சி. அறையில், என்னைப் பார்த்தேயிராத ஒருத்தர் யோசித்தது.

"ஆனா வலைய தொவச்சது என் யோசனை. அப்போ யாரும் என்கிட்ட வரல. அத மட்டும் நம்பு" என்றார். நம்பத்தான் ஆசையாக இருந்தது. நம்பும் இடம் எனக்குள் எங்கே இருந்தது என்றுதான் தெரியவில்லை. உண்மையைச் சொல்லும்போதும் அவரைச் சந்தேகப்படுகிறவளாக என்னை அவர் ஆக்கிவிட்டிருந்தார்.

அவர் மகளுக்காக ஒத்துக்கொண்டேன். அந்தப் பெண் என்ன செய்தாள்? வலை வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, திருவொற்றியூரில் ஒரு சின்ன மாடி ஹாலில், அவள் அம்மாவின் பழைய பட்டுப் புடவைகளை வாங்கி மேடைக்குத் திரை தைத்தேன். ஜன்னல்களில் செம்பருத்தியும் தென்னங்குருத்தும் கட்டினேன். நாற்காலிகளுக்கு உறை போடவில்லை. மரத்தைத் துடைத்து எண்ணெய் பூசினாலே போதும் என்றேன். ஒவ்வொரு பொருள் வந்து இறங்கும்போதும், பூ முதல் மைக் செட் வரை, "இது யார் குடுக்கறது?" என்று அவளிடம் கேட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு புரிந்துகொண்டு, நான் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தாள்.

கல்யாணம் நன்றாகவே இருந்தது. வந்தவர்கள் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஊரிலிருந்து அம்மாவைத் தவிர யாரும் வரவில்லை. தாலி கட்டி முடிந்ததும் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். பெண் மேடையிலிருந்தே, "அக்கா, வா" என்று கையை ஆட்டினாள். கேமராக்காரர், "மேடம், நீங்களும் வந்துடுங்க, ஒரு ஆள் இடம் இருக்கு" என்றார். மாமா, தனக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்த இடத்தை விட்டு நின்றிருந்தார். அவர் கண் என்மேலேயே இருந்தது.

"எடுத்துக்கோங்க. நான் வரல" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஓரடி நகர்ந்து, தன் தம்பியின் பக்கத்தில் சேர்ந்து நின்றுகொண்டாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். பாதி இறங்கும்போது மேலே ஃபிளாஷ் அடித்த வெளிச்சம் சுவரில் ஒருமுறை வந்து போனது. தெருவில் என் வீட்டுக்காரர் பைக்கைக் கிளப்பி வைத்துக் காத்திருந்தார்.